‘கவர்ச்சி’ என்னும் சொல்லும் அதன் எழுவாயும்

எமது தினசரிப் பத்திரிகைகளிலே ‘கவர்ச்சி’ என்னும் சொல் இரண்டு பக்கங்களில் அடிக்கடி தென்படுகின்றது. ஒன்று சினிமாப் பக்கம். மற்றது விளம்பரப் பக்கம். சினிமாப் பக்கத்திலே அது ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே நிற்கும். விளம்பரப் பக்கத்திலே சம்பளத்துக்கும் வட்டி வீதத்துக்கும் முன்னே நிற்கும்; அங்கு அதற்குக் ‘கரமான’ என்றொரு வடமொழி வாலும் ஒட்டப்பட்டிருக்கும். நடிகையின் உடலுக்கும் வங்கியின் வட்டிக்கும் ஒரே சொல் பொருந்துவது தற்செயலான நிகழ்ச்சிதானா? தற்செயலன்று என்பது எமது கருத்து. இரண்டு இடங்களிலும் அச்சொல் ஒரே வேலையைச் செய்கின்றது. எடுப்பவர் யார், இழப்பவர் யார் என்ற கேள்வியைத் தலைகீழாக நிறுத்துவதே அந்த வேலை.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். ‘கவர்’ என்னும் வினைக்குக் கைப்பற்றல், பறித்தல், கொள்ளைகொள்ளல், நுகர்தல் என்பன பழைய பொருள்கள். பகைவரின் ஆநிரையைக் கவர்தல் வெட்சி என்று பாடசாலையிலே நாமெல்லோரும் மனனஞ் செய்தோம். மாடு என்ற சொல்லே செல்வம் என்று பொருள்பட்ட சமுதாயம் அது. ஆகவே ஆநிரை கவர்தல் என்பது பிறர் செல்வத்தை வலிந்து எடுத்தலேயன்றி வேறன்று. இனியவை கூறல் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, கனி இருக்கவும் காயை நாடும் பேதைமையைப் பேசும் வள்ளுவர் இதே வினையைப் பறித்துண்ணும் பொருளில் ஆளுகின்றார். இராவணன் சீதையைக் கவர்ந்து சென்றான் என்றுதான் இன்றும் இராமாயணக் கதை சொல்லப்படுகின்றது. இவ்விடங்களில் எல்லாம் எழுவாயாக நிற்பவன் எடுப்பவன். செயப்படுபொருளாக நிற்பது எடுக்கப்பட்டது. அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆநிரை களவுபோனமைக்குப் பசுக்களின் கவர்ச்சியே காரணம் என்று எந்தப் புலவனும் பாடினானில்லை.

அகப்பாடல்களிலும் இவ்வினை பெரிதும் திசைமாறவில்லை. தலைவன் தலைவியின் நலத்தைக் கவர்கின்றான். அவளுடைய உறக்கம் போகின்றது. கையின் வளை கழல்கின்றது. இழப்பவள் பெண். பெண்ணின் அழகு ஆணை வருத்துவதாகக் கூறும் பாடல்கள் பழந்தமிழில் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ‘அணங்கு’ என்றொரு சொல் அதற்கென்றே இருந்தது. வருத்தும் தெய்வத்தையும், அத்தெய்வம் தரும் வருத்தத்தையும் குறித்த அச்சொல் காலப்போக்கிலே அழகிய பெண்ணுக்குப் பெயராயிற்று. காமத்துப்பாலின் முதல் அதிகாரமே தகையணங்குறுத்தல். ஆயின் அணங்கு தாக்கும், வருத்தும், கொள்ளையடிப்பதில்லை. தெய்வத்தைக் கொள்ளைக்காரராக்கிய பெருமை பக்தி இலக்கியத்துக்கே உரியது. சீர்காழியிலே ஞானசம்பந்தர் பாடிய முதற் பதிகத்தில் சிவபெருமான் உள்ளத்தைக் கவரும் கள்வனாக வருகின்றான். அங்கும் எழுவாய் தெளிவு. இறைவன் கள்வன், பறிகொடுத்தது பாடுபவரின் உள்ளம். அந்தக் களவிலே பறிகொடுத்தவருக்குத்தான் மகிழ்ச்சி என்பது தனி விஷயம்.

இனி இலக்கணத்தை நோக்குவோம். நன்னூலார் தொழிற்பெயர் விகுதிகளை அடுக்கும்போது ‘சி’ என்பதையும் சேர்த்துள்ளார். மகிழ்ச்சி, முயற்சி, உணர்ச்சி, வளர்ச்சி யாவும் இவ்விகுதி பெற்றவை. மகிழ்ச்சி மகிழ்பவரிடத்து உள்ளது, முயற்சி முயல்பவருடையது, உணர்ச்சி உணர்பவருடையது. இந்த வாய்பாட்டின்படி கவர்ச்சி கவர்பவரிடத்தே இருத்தல் வேண்டும். ‘கவர்ச்சியான பெண்’ என்று நாம் சொல்லும்போது, அவளைக் கவர்பவளாக, அதாவது ஏதோ ஒன்றைப் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டவளாகச் சொல்லிவிடுகின்றோம். அவள் வீதியிலே நடந்து போனாள்; அல்லது பேருந்திலே ஏறினாள். அவ்வளவே அவள் செய்தது. பார்த்தவன் இன்னொருவன், விரும்பியவன் இன்னொருவன். ஆயினும் வாக்கியத்தின் எழுவாய் அவள்.

‘சொற்கள் பொருள்மாறுதல் இயல்பு, கவர்ச்சி என்றதும் ஆநிரையையும் கொள்ளையையும் இன்று யார் நினைக்கிறார்கள்?’ என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ‘நாற்றம்’ என்ற சொல்லை இன்று நறுமணத்துக்கு ஆளும்படி நாமும் எவரையும் வற்புறுத்தப் போவதில்லை. வேர்ச்சொல்லைக் காட்டி வழக்கை மறுப்பது பண்டிதர் செயல். எமது அக்கறை வேறு. வேரின் பொருள் மறைந்தபோதும் வாக்கியத்தின் அமைப்பு மறையவில்லை. அந்த அமைப்பைக் கொண்டே ஊரிலே தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன.

ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். ‘கிளாமர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எமது சினிமாப் பக்கங்கள் கண்ட தமிழ்தான் கவர்ச்சி. ‘கிளாமர்’ ஸ்கொத்லாந்திலே பிறந்தது. சேர் வோல்ற்றர் ஸ்கொற்றின் எழுத்துக்களால் ஆங்கிலத்திற் பரவியது. அதன் முதற்பொருள் மந்திரத்தால் விளையும் கண்கட்டு. இன்னும் வியப்பு, அது இலக்கணத்தைக் குறிக்கும் ‘கிராமர்’ என்ற சொல்லின் திரிபு. எழுத்தறியாத மக்களுக்குக் கல்வியும் மந்திரமும் ஒன்றாகவே தோன்றின போலும். எமக்கும் இதில் ஓர் உறவு உண்டு. ‘லக்ஷண’ என்ற வடசொல்லிலிருந்துதான் பவணந்தியாரின் இலக்கணமும் வந்தது. கலியாணத் தரகரின் ‘இலட்சணமும்’ வந்தது. ஆயினும் கண்கட்டு என்பது காண்பவன் கண்ணிலே நேர்வது; பொருள் இருந்தபடியே இருக்க, பார்வை மாறுகின்றது. அந்த ஒப்புதல் ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளில் உண்டு. நாம் அதற்கு நிகராக எடுத்த சொல்லிலே அது இல்லை. நாம் மாத்திரமா? வசீகரம் என்றால் தன்வசமாக்கல். மோகினி என்றால் மயக்குபவள். மருந்து போட்டு மடக்கிவிட்டாள் என்று எமது கிராமங்களிலே சொல்வதும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. எந்தச் சொல்லை எடுத்தாலும் ஆண் பாதிக்கப்பட்டவன்.

இவ்வமைப்பு எமது இலக்கிய வாசிப்பை எவ்வளவு தூரம் பழுதாக்கியுள்ளது என்பதைச் சிலப்பதிகாரத்தை வைத்துக் காட்டலாம். கோவலன் ஏன் கெட்டான் என்று உயர்தர வகுப்பிலே வினவினால், ‘மாதவியின் கவர்ச்சியில் மயங்கினான்’ என்று விடை வரும். மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. பட்டிமன்ற மேடைகளிலும் பரீட்சைக்கான குறிப்பு நூல்களிலும் இக்கருத்தே மீண்டும் மீண்டும் உருப்போடப்படுகின்றது. இளங்கோவடிகள் எழுதியது அதுவா?

அரங்கேற்று காதையை ஒருமுறை நிதானமாகப் படித்தல் வேண்டும். மாதவிக்கு ஏழு ஆண்டுப் பயிற்சி. பன்னிரண்டாவது வயதிலே அரங்கேற்றம். பன்னிரண்டு வயது! எமது பாடசாலைக் கணக்கிலே ஏழாம் வகுப்புப் பிள்ளை. அவள் ஆடிய ஆட்டத்துக்கு அரசன் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் அளிக்கின்றான். அந்தத் தொகையே அவளுக்கு விலையாகவும் நிர்ணயமாகின்றது. நகரத்துச் செல்வ இளைஞர் திரியும் வீதியிலே ஒரு கூனி மாலையை ஏந்தி நிற்கின்றாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு கொடுத்து மாலையை வாங்குபவன் மாதவிக்கு மணமகனாகலாம். கோவலன் வாங்குகின்றான், மாதவியின் மனை புகுகின்றான், மயங்கி, விட்டு நீங்க அறியாத விருப்பினன் ஆகின்றான்.

இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதலிலே விலை, அதன்பின் வாங்குதல், அதன்பின்னரே மயக்கம். மாதவி வீதிக்கு வரவில்லை. மாலைதான் வந்தது. வணிகன் மகன் ஒருவன் தன் முன்னோர் கடல்வழித் தேடிய பொன்னைக் கொண்டு ஒரு கொள்வனவைச் செய்தான். இளங்கோவின் வாக்கியத்திலே எழுவாய் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கோவலனே. அவர் ‘மயங்கி’ என்று தன்வினையாற் சொல்கின்றார்; ‘மயக்கினாள்’ என்ற பிறவினையை அவ்விடத்திலே பெய்யவில்லை. விருப்பும் அவனுடைய விருப்பாகவே கூறப்படுகின்றது. நாடகக் கணிகையின் கலை, அதன் பயிற்சிக்கான ஆசிரியர்கள், அரங்கின் அளவு, அரச பரிசு, சந்தை விலை ஆகிய யாவற்றையும் இத்துணை விரிவாகக் கூறிவிட்டு, அவற்றின் பின்னரே காதலைப் பேசும் புலவரை, ‘கவர்ச்சியின் தீமையைப் பாடியவர்’ என்று சுருக்குவது எவ்வளவு பெரிய அநீதி!

பழி எப்போது மாதவிமேல் வந்தது? கனாத்திறம் உரைத்த காதையிலே. பொருளை இழந்து மனைக்குத் திரும்பும் கோவலன் கண்ணகியிடம், வஞ்சனை நிறைந்த ஒருத்தியோடு கூடியதால் குலத்தோர் தந்த பெருஞ்செல்வம் தொலைந்தது, இந்த வறுமை நாணந் தருகின்றது என்கின்றான். எழுவாயை மாற்றியவன் அவனே. வாங்கிய பொருளிலே குற்றம் காணும் வாடிக்கையாளனின் குரல் இது. கையிலே பொன் இருந்தவரை அவள் வஞ்சகி அல்லள். பொன் தீர்ந்தபின் ஆகின்றாள். இளங்கோவடிகள் இதனையும் இத்துடன் விட்டுவிடவில்லை. புறஞ்சேரி இறுத்த காதையிலே கோசிகமாணி மாதவியின் ஓலையைக் கொண்டுவந்து கொடுக்கின்றான். அதனைப் படித்த கோவலன், தீது அவளுடையதன்று, தன்னுடையதே என்று உணர்கின்றான். புலவர் தந்த எழுவாய் ஒரு காதையிலே பிடுங்கப்பட்டு, இன்னொரு காதையிலே உரிய இடத்துக்கு மீண்டுவிடுகின்றது. எமது மேடைப் பேச்சாளர் கனாத்திறத்தோடு நின்றுவிடுகின்றனர்; மதுரையின் புறஞ்சேரி வரை நடப்பதற்கு அவர்களுக்குக் காலமில்லை.

மணிமேகலையிலே இதே வழக்கு நீதிமன்றத்துக்கே செல்கின்றது. உதயகுமரன் மணிமேகலையைப் பின்தொடர்கின்றான். அவள் துறவு பூண்ட பிறகும் விடுகின்றானில்லை. அவனுக்குத் தப்பவே அவள் காயசண்டிகையின் வடிவத்தை ஏற்கின்றாள். அப்போதும் தொடர்ந்து வந்து, காயசண்டிகையின் கணவனான காஞ்சனனின் வாளுக்கு இரையாகின்றான். செய்தி கேட்ட மன்னன், தான் செய்ய வேண்டிய தண்டனையையே அந்த விஞ்சையன் செய்தான் என்று மகனின் குற்றத்தை ஒப்புக்கொள்கின்றான். ஒப்புக்கொண்ட அதே வாயால், கணிகையின் மகளையும் காவலில் வையுங்கள் என்று கட்டளையிடுகின்றான். பின்தொடர்ந்தவன் குற்றவாளி என்று தெரிந்தபின்னும் பின்தொடரப்பட்டவளுக்குச் சிறை. அதே மணிமேகலையின் வேண்டுகோளுக்கு இணங்கிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியவனும் அந்த மன்னனே என்பதை நினைக்கையில், சாத்தனார் தம்முள் நகைத்துக்கொண்டே இப்பகுதியை எழுதியிருப்பாரோ என்று எண்ணத் தோன்றுகின்றது. மன்னனின் கட்டளைக்கு அடியிலே உள்ள தத்துவம் யாது? அவள் கவர்ந்தாள் என்பதே. எதைச் செய்தும் அவள் கவரவில்லை, இருந்ததனாலேயே கவர்ந்தாள்.

இக்காலப் புனைகதையிலே எழுவாயை உரிய இடத்தில் நிறுத்தியவர் புதுமைப்பித்தன். ‘பொன்னகரம்’ என்ற அவரது சிறுகதையில் வரும் அம்மாளுவை நினைவுகூர்க. விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வேண்டும், கையிலே காசில்லை. அவள்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த ஒருவன் சந்திலே நிற்கின்றான். கண் வைத்தவன் அவன். காசு உடையவனும் அவன். அம்மாளுவின் அழகைப் பற்றிய வருணனைக்கு அங்கு வேலையே இல்லை. வறுமையைக் காட்டிவிட்டால் கவர்ச்சி என்ற சொல் தேவையற்றுப் போகின்றது. அக்கதையை ஆபாசம் என்றோர் உளர். அதைவிடக் கற்பைப் பற்றி நேர்மையாக எழுதப்பட்ட இரண்டு பக்கங்கள் தமிழிலே அரிது.

முற்போக்கு விமரிசகரும் இவ்விடத்திலே விசாரணைக்குத் தப்பலாகாது. தமிழகத்து வணிகச் சஞ்சிகைகள் ஈழத்துச் சந்தையை நிறைத்திருந்த காலத்திலே, அவற்றுக்கு எதிராக இங்கு எழுந்த குரல் வரலாற்று நியாயமுடையது. எமது எழுத்தாளருக்குக் களமில்லை. எமது மக்களின் வாழ்வு அச்சேறவில்லை. ஆயினும் அன்று எழுந்த கண்டனங்களிலே ‘நச்சு இலக்கியம்’, ‘கவர்ச்சி இலக்கியம்’ என்ற அடைமொழிகள் மலிந்தன. நஞ்சு எங்கே இருந்தது? அட்டையிலே அச்சிடப்பட்ட பெண்ணிலா, அவளை அட்டையில் இட்டு விற்ற முதலாளியின் கணக்குப் புத்தகத்திலா? இந்த வேறுபாட்டைத் தெளிவுபடுத்தாமையால், முதலாளித்துவத்தைச் சாடத் தொடங்கிய கட்டுரைகள் பல, சைவப் பிரசங்கியாரின் குரலிலே போய் முடிந்தன. பட்டினத்தார் பெண்ணுடலை இகழ்ந்ததற்கும் இவர்கள் அட்டைப்படத்தை இகழ்ந்ததற்கும் தொனியிலே அதிக தூரம் இல்லை. உடலை விற்பனைப் பொருளாக்குவதை எதிர்ப்பது வேறு. உடலை எதிர்ப்பது வேறு. கவர்ச்சி என்ற சொல் இவ்விரண்டையும் ஒரே சாக்கிலே கட்டிவிடுகின்றது.

சினிமாவிலே ‘கவர்ச்சி நடிகை’ என்பது ஓர் இயல்பைக் குறிக்கும் பெயரன்று. ஒரு தொழிற்பிரிவின் பெயர். கதாநாயகி, குணசித்திர நடிகை, கவர்ச்சி நடிகை என்று வேலைப் பங்கீடு இருந்தது. ஆந்திரத்திலே வறிய குடும்பத்திற் பிறந்து, ஆரம்பப் பள்ளியுடன் படிப்பு நின்று, ஒப்பனை உதவியாளராகச் சென்னைத் திரையுலகிலே நுழைந்தவர் சிலுக்கு சுமிதா. 1980இல் ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. 1981இல் வெளிவந்த ‘அலைகள் ஓய்வதில்லை’யைப் பார்த்தவர்கள் அவருக்கு நடிக்கத் தெரியும் என்பதை அறிவர். திரையுலகம் அதனை அறிய விரும்பவில்லை. 1996இல், 35ஆவது வயதில் அவர் இறந்தபோதும் செய்தியாளர் அவருக்கு வைத்த அடைமொழி அதுவே. கவர்ந்தவர் அவர் என்றால், கவரப்பட்ட செல்வமெல்லாம் எங்கே? அது விநியோகஸ்தரிடமும் தயாரிப்பாளரிடமும் அல்லவா போய்ச் சேர்ந்தது? ஆண் நடிகருக்கோ ‘கவர்ச்சி நடிகர்’ என்ற பிரிவே இல்லை. அவர் மக்களைக் கவர்ந்தால் அது ஆளுமை. சில வேளைகளிலே அது ஆட்சியுமாகும்.

மணமக்கள் தேடும் விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். நிறம், படிப்பு, நட்சத்திரம், சீதன விபரம் எல்லாம் இருக்கும். அழகிய மணமகள், இலட்சணமான மணமகள் என்றும் இருக்கும். ‘கவர்ச்சியான மணமகள்’ என்று ஒரு தகப்பன் விளம்பரம் கொடுத்ததை நாம் கண்டதில்லை. வீட்டுப் பெண்ணுக்கு இலட்சணம்; மற்றவன் வீட்டுப் பெண்ணுக்குக் கவர்ச்சி. இலட்சணம் என்றால் விதிக்குட்பட்ட அழகு. எமது முன்னைய குறிப்பின்படி இலக்கணத்துக்கு உடன்பிறந்தது. சொத்துடைய குடும்பம் தனக்குள்ளே வைத்துக்கொள்ளும் அழகுக்கு ஒரு சொல்லும், வெளியே நின்று பார்க்கும் அழகுக்கு வேறு சொல்லும் வகுத்திருக்கின்றது.

சாதாரண மக்களின் பேச்சு இவ்விரண்டுக்கும் வெளியே நிற்பது எமக்கு ஆறுதலளிக்கின்றது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ‘வடிவு’ என்றே சொல்கிறோம். பிள்ளை வடிவு, பூ வடிவு, கட்டிய வேலி வடிவு. ‘வடிவாய்ச் சாப்பிடு’, ‘வடிவாய்க் கேள்’ என்றால் செம்மையாக, நிறைவாக என்று பொருள். தோட்டத்து மக்கள் ‘அம்சமாக இருக்கிறது’ என்பர். இச்சொற்களிலே எடுப்பவரும் இல்லை, இழப்பவரும் இல்லை. செம்மையாக அமைந்ததைக் கண்ட மகிழ்ச்சி மாத்திரமே உண்டு. ‘கவர்ச்சி’ வயலிலிருந்தோ கடற்கரையிலிருந்தோ வந்த சொல்லன்று, அச்சுக்கூடத்திலிருந்து வந்தது.

ஆசிரியத் தொழிலிலே இருப்பதால் இச்சொல்லின் தீர்ப்பு எவ்வாறு வழங்கப்படுகின்றது என்பதை நாம் அண்மையிலிருந்து காண்கின்றோம். பேருந்திலே ஒரு மாணவிக்குத் தொல்லை நேர்ந்தால், பெரியவர்களிடமிருந்து எழும் முதற்கேள்வி அவள் எவ்வாறு உடுத்திருந்தாள் என்பது. வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலும் என்பதே விடை என்று தெரிந்தும் கேட்பர். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையிலே நடத்திய ஆய்விலே, பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகக் கூறிய பெண்களின் தொகை 90 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள் கவர்ச்சியால் குற்றம் புரிந்தனர் என்று கொள்ள எமக்குத் துணிவு வருமா? விஞ்ஞான வகுப்பிலே இதே பிள்ளைகள், காந்தத்தின் ஒவ்வாத முனைவுகள் ஒன்றையொன்று கவரும் என்று படிக்கின்றனர்; காந்தம் இரும்பை இழுக்கும் அதே அளவு விசையால் இரும்பும் காந்தத்தை இழுக்கின்றது என்றும் நியூற்றனின் மூன்றாம் விதியிலே படிக்கின்றனர். தமிழ்ச் சொல்வழக்கிலே கவர்ச்சிக்கு நீதி வழங்கியது பௌதிகம் ஒன்றுதான்.

இனி விளம்பரப் பக்கத்துக்கு வருவோம். பெண்ணின் விடயத்திலே இழப்பவளை எடுப்பவளாக்கிய சொல், இங்கே எடுப்பவனைக் கொடுப்பவனாக்குகின்றது. 1977இன் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இலே கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1985இலே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. 2009இலே யுத்தம் முடிந்தபின் ஆடைத் தொழிற்சாலைகள் வடக்குக்கும் வந்தன. இவ்வளவுக்கும் ஆட்சேர்ப்பு விளம்பரங்களின் மாறாத வாசகம் ‘கவர்ச்சிகரமான சம்பளம்’. ஆடைத் தொழிற்சாலையிலே நாள் முழுவதும் ஒரே தையலைத் தைக்கும் பெண்ணின் உழைப்பை எடுத்துக்கொள்பவர் யார்? வளைகுடா நாட்டிலே ஒரு வீட்டின் சமையலறையில், கடவுச்சீட்டை எசமானிடம் கொடுத்துவிட்டு நிற்கும் மூதூர்ப் பெண்ணிடமிருந்து எடுக்கப்படுவது எது? விளம்பரத்திலோ எடுக்கும் செயல் சம்பளத்தின் பண்பாகிவிட்டது. சம்பளம் கவர்கிறதாம். அவள் கவரப்படுகிறாளாம். வெட்சி சூடியவனைக் காணவில்லை.

கடன் விளம்பரங்கள் இன்னும் கொடியவை. யுத்தத்தின் பின் வடக்குக் கிழக்கின் கிராமங்களுக்கு நுண்கடன் நிறுவனங்கள் படையெடுத்தன. குடும்பத் தலைவிகளைக் குழுவாக இருத்தி, ஒருத்திக்கு மற்றவளைப் பிணையாக்கிக் கொடுத்த கடன் அது. கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலிலே வந்து தவணை கேட்டனர். ஒரு கடனைத் தீர்க்க இன்னொரு கடன் பெறப்பட்டது. 2018இலே, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது என்றால் நிலைமை எத்தகையது என்பதை ஊகிக்கலாம். அடகு வைத்த தோடும் விற்ற ஆடும் மாடும் போன வழி தெரியும். ஆநிரை கவர்தல் என்ற பழைய துறைக்கு இக்காலத்து உதாரணம் வேண்டுவோர் இதனைத் தம் வகுப்பிலே எடுத்துக்காட்டலாம். இங்கே பசுக்களை ஓட்டிச் செல்ல வீரர் வரவில்லை. கையொப்பப் புத்தகத்தோடு மோட்டார் சைக்கிளில் வந்தனர்.

எமது பத்திரிகை ஆசிரியர்களிடம் நாம் கேட்பது சிறிய காரியம். சினிமாப் பக்கத்திலே நடிகையின் பெயரை எழுதுங்கள். அவர் நடித்த படத்தை எழுதுங்கள். நன்றாக நடித்தாரா, இல்லையா என்று எழுதுங்கள். விளம்பரப் பக்கத்திலே, பணம் தருபவர் எழுதிக் கொடுத்த வாசகத்தை மாற்ற இயலாது என்பீர்கள். ஆயினும் கேட்டுப் பார்க்கலாம் அல்லவா? வேலை எத்தனை மணித்தியாலம், சம்பளம் எத்தனை ரூபா, கடனுக்கு வருட வட்டி எவ்வளவு என்று அச்சிடுவதற்குக் ‘கவர்ச்சிகரமான’ என்ற சொல்லை அச்சிடுவதிலும் பார்க்க அதிக இடம் பிடிக்காது.